அவள் கட்டிய மூட்டைகள்

என் மனைவியின்மேல் எனக்குப் பொறாமை வந்தது ஒரு குழந்தைச் செருப்பினால். இடது கால் செருப்பு. அது நிஜச் செருப்புகூட இல்லை. கணினித் திரையில் நகம் அளவுக்கு ஒரு படம், அதன் கீழே அவள் எழுதிய ஒரு வரி. அதற்கு முன்பு அவள்மேல் எனக்குக் கோபம் வந்திருக்கிறது, சலிப்பு வந்திருக்கிறது. பொறாமை வந்ததில்லை. அவளுக்குக் கிடைத்த சம்பள உயர்வோ, சொந்தக்காரர்கள் நடுவில் அவளுக்கு இருக்கும் மரியாதையோ என்னை உறுத்தியதில்லை. நான் பெரிய மனசுக்காரன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் விளையாட்டைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் சிலபேர் பல வருஷமாக ஒரு கதை விளையாட்டு ஆடி வருகிறோம். ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்போம். வழியில் காவலாளி தடுக்கிறான், என்ன செய்கிறாய் என்று அவன் கேட்பான். நாங்கள் சொல்வோம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவோம். முன்பெல்லாம் கிழக்குத் தாம்பரத்தில் ஒருவனுடைய வீட்டு மாடியில் பாய் விரித்து ஆடினோம். வேலை, கல்யாணம் என்று திசைக்கொருவராகப் பிரிந்த பிறகு ஆட்டம் இணையத்துக்குப் போய்விட்டது. வரைபடம், பகடை, பாத்திரங்களின் விவரத்தாள் எல்லாம் திரையிலேயே இருக்கும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஞாயிறு காலை டிபன் முடிந்ததும் உட்காருவோம்.

கதை நடத்துபவன் கோவிலம்பாக்கத்தில் இருக்கிறான். என்னுடைய மிக நெருங்கிய நண்பன். இன்னொருவன் அபுதாபியில். நான் செம்பாக்கத்தில், ஏரிக்குச் சற்றுத் தள்ளி ஒரு தெருவில், கீழ்வீட்டில் குடியிருக்கிறேன்.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பை உண்டு. கயிறு எவ்வளவு நீளம், பந்தம் எத்தனை, தண்ணீர்ப் பை இருக்கிறதா, கத்தி எந்தக் கையில், எல்லாவற்றையும் தாளில் பதிய வேண்டும். ஒவ்வொன்றாகத் தேடிப் பதிந்தால் புதிதாக வருகிறவனுக்கு ஒரு காலை அதிலேயே போய்விடும். அதற்காகத்தான் பொருள்களை முன்கூட்டியே தொகுத்து ஒரே படமாக வைத்துவிடும் வசதி இருக்கிறது. அந்தப் படத்தை இழுத்துத் தாளின்மேல் விட்டால் போதும். உள்ளே இருப்பதெல்லாம் பிரிந்து அததன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் அதை மூட்டை என்போம். மூட்டை கட்டுவது என் வேலை.

மென்பொருளில் கொடுத்திருந்த மூட்டைகள் ஐரோப்பியக் குளிருக்கானவை. கம்பளிப் போர்வையும் பன்றிக் கொழுப்பும் எங்கள் கதைக்கு உதவாது. என் நண்பன் உண்டாக்கிய உலகம் உப்பளங்களும் ஏரிகளும் பனங்காடுகளுமானது. அதனால் நானே புதிதாகக் கட்டினேன். உப்பு வியாபாரிக்கு ஒன்று, கோட்டைக் காவலனுக்கு ஒன்று, திருடனுக்கு ஒன்று, வைத்தியனுக்கு ஒன்று. கம்பெனி பஸ்ஸில் மேடவாக்கம் நெரிசலில் நிற்கும்போதெல்லாம் என் தலைக்குள் ஏதோ ஒரு மூட்டை உருவாகிக்கொண்டிருக்கும். எனக்கு ஓஎம்ஆர் சாலையில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை. ஒன்றை உடைத்துப் பார்த்து, உடையாமல் கட்டுவது எனக்குப் பிடிக்கும். என் மூட்டைகள் எதுவும் ஒரு நாளும் தப்பாகப் பிரிந்ததில்லை. எடை சரியாக இருக்கும். அம்பறாத்தூணிக்குள் அம்பு தானாகப் போகும். மூட்டை என்றால் இவன்தான் என்று என் நண்பன் சொல்லுவான். அலுவலகத்தில் யாரும் என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஞாயிறு மதியச் சாப்பாட்டின்போது அந்த ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்களில் ஒருவனுக்கு இரட்டைக் குழந்தை பிறந்து ஆட்டத்துக்கு வருவது நின்றது. ஆள் குறைகிறது, உன் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறாரே, உட்காரச் சொல் என்று நண்பன் சொன்னான். அவளும் சரி என்றாள். எனக்கு ஆச்சரியம். அதுவரை அந்த அறைக்குள் காபி வைக்க வருவாள், நான் பேசுவதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவாள். சந்தோஷமாகவும் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒன்றை அவளுக்குக் காட்டப்போகிறேன் என்ற சந்தோஷம்.

அவளுக்கு ஓடக்காரியாக இருக்க வேண்டுமாம். ஓடக்காரிக்கு என்னிடம் மூட்டை இல்லை. அடுத்த வாரம் கட்டித் தருகிறேன் என்றேன். எப்படிக் கட்டுவது என்று கேட்டாள். ஒரு மூட்டையைத் திறந்து காட்டினேன். அந்த நேரம் பார்த்துத் தண்ணி லாரி வந்துவிட்டது. நான் வெளியே போய்த் தொட்டியில் ஹோஸ் பிடித்துவிட்டுத் திரும்பினால், அவளே ஒன்றைக் கட்டி முடித்திருந்தாள்.

நீளக் கழி. நனையாமல் வைத்த ஒரு மாற்றுச் சேலை. ஓட்டையடைக்கக் கொஞ்சம் குங்கிலியம். பாதி கடித்த வெல்லம். கடைசியில் அந்தச் செருப்பு. கீழே எழுதியிருந்தாள்: ‘ஓடத்தில் யாரோ விட்டுப்போன குழந்தைச் செருப்பு, இடது கால்.’

ஆட்டம் தொடங்கி, ஓடத்தில் என்னென்ன இருக்கிறது என்று நண்பன் வழக்கம்போலக் கேட்டான். அவள் வாசித்தாள். செருப்பு வந்ததும் அவன் ஒரு நிமிஷம் எதுவும் பேசவில்லை.

“யாருடைய செருப்பு சிஸ்டர்?”

“தெரியாதுண்ணா. கேட்டு வருவாங்கன்னு வெச்சிருக்கேன்.”

அவ்வளவுதான். அவன் தயாரித்து வைத்திருந்த கோட்டை முற்றுகை அன்றைக்கு நடக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் நடக்கவில்லை. நாங்கள் எல்லோரும் ஓடத்தில் ஏறி, கரை கரையாக அந்தக் குழந்தையைத் தேடிப் போனோம். அபுதாபிக்காரன் வழக்கமாகப் பாதியில் யாருக்காவது மெசேஜ் அனுப்பிக்கொண்டிருப்பான். அந்த வாரங்களில் அவன் கேமராவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குழந்தை கிடைத்தபோது அவன் கண் கலங்கியதை நான் திரையில் பார்த்தேன். என் மூட்டைகளைப் பார்த்து யாரும் கண் கலங்கியதில்லை. சரியாகப் பிரிகிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

அன்று மதியம் அவள் சோறு வடித்துக்கொண்டே ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் கட்டிய மூட்டையைத் திறந்து பார்த்தேன். எல்லாப் பொருளின் எடையும் பூஜ்யம். கழியை எந்தக் கையில் பிடிப்பது என்ற இடம் காலி. வெல்லத்தின் எண்ணிக்கை போடவில்லை. எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்படியா, நீங்களே போட்டுடுங்க என்று சொல்லிவிட்டு ரசம் தாளிக்கப் போய்விட்டாள். அவள் கொஞ்சமாவது முகம் சுருங்குவாள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. அவள் கட்டுவாள், நான் எடை போடுவேன். அபுதாபிக்காரனுக்குப் படையிலிருந்து ஓடிவந்த சமையல்காரனாக ஆட ஆசை வந்தது. அவன் எனக்கு எழுதவில்லை, நேராக அவளுக்கு எழுதினான். அவள் செல்லில் அவன் பெயர் மின்னியதைச் சோபாவின் மறுமுனையிலிருந்து பார்த்தேன். பல வருஷ நண்பன். எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பவே மறந்துவிடுகிறவன். அவனுக்கு அவள் கட்டிய மூட்டையில் கரண்டி, அரிவாள்மணை, உப்பு எல்லாவற்றோடும் ‘படைத்தலைவர் பாதி சாப்பிட்டு வைத்த தட்டு, இன்னும் கழுவவில்லை’ என்று ஒன்று இருந்தது. அவன் அந்தத் தட்டை வைத்துக்கொண்டு ஒரு மாசம் கதை ஓட்டினான். தட்டின் எடை அரைக் கிலோ என்று போட்டது நான்.

இப்படியே போக, நானும் அந்த மாதிரி ஒன்று கட்டிப் பார்த்தேன். போர்வீரனுக்கான மூட்டை. அதில் இறந்துபோன தாயின் கடைசிக் கடிதம், கண்ணீரில் மை கலைந்தது என்று ஒரு பொருள் வைத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து அந்த வரியைத் திரும்பத் திரும்பத் திருத்தினேன். ஞாயிறன்று நண்பன் அதைப் படித்துவிட்டு, நல்லா இருக்கு மச்சான் என்றான். பிறகு வரைபடத்தைத் திறந்துவிட்டான். யாரும் அந்த மூட்டையை எடுக்கவில்லை.

அவளிடம் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கொஞ்சம் யோசித்தாள்.

“இது யாரும் கையில எடுத்துக்கிட்டு ஓடின பொருள் மாதிரி இல்லீங்க. உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கு.”

அவளுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அட்மிஷன் கவுன்ட்டரில் வேலை. நோயாளியைச் சேர்க்க வருகிற குடும்பங்கள் கையில் எதைத் தூக்கிக்கொண்டு வருகின்றன என்பதைத் தினமும் பார்க்கிறாள். அதைப் பற்றி அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னாள். ஃபிளாஸ்க், போர்வை, பழைய ரிப்போர்ட் ஃபைல் எல்லாம் சரியாக எடுத்து வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தானாம். ஒருத்தர் அப்பாவை ஆட்டோவில் போட்டுக்கொண்டு கையில் கேஸ் லைட்டரோடு வந்து நின்றாராம். ஒரு அம்மா பாதி ஆய்ந்த முருங்கைக்கீரையை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். விவரம் கேட்டு முடித்த பிறகுதான் அதைக் கவனித்து, எங்கே போடுவது என்று தெரியாமல் அவளிடமே கொடுத்தாராம். அவசரத்தில் மனுஷனுக்குக் கையில் என்ன இருந்ததோ அதுதான் வரும், எது வேணுமோ அது வராது என்றாள்.

நல்ல விஷயம் சொன்னாள் என்று எனக்குத் தெரிந்தது. அது என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. இத்தனை வருஷமாகச் சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து பேசும்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். பெரும்பாலும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

கோவிலம்பாக்கத்தில் நண்பன் வீட்டில் ஒரு விடுமுறை நாள் சாப்பாட்டுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தான். பிரியாணி முடிந்து பாயாசம் குடிக்கும்போது ஒரு யோசனை சொன்னான். இந்த விளையாட்டை ஆடுகிறவர்களுக்கென்று ஒரு இணையத்தளம் உண்டு. உலகம் முழுக்க இருந்து தாங்கள் செய்ததை அதில் போடுவார்கள், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நம் மூட்டைகள் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக அங்கே போடலாம் என்றான். நானும் பல நாளாக நினைத்திருந்ததுதான். சொல்லப்போனால் நானே முதலில் சொல்லியிருக்க வேண்டியது.

யார் பேரில் போடுவது என்ற பேச்சு வந்தது. அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“சிஸ்டர் பேர்லயே போட்டுடலாம் மச்சான். டெக்னிக்கல் உதவின்னு கீழ உன் பேர் போட்டுடறேன்.”

தப்பாக ஏதோ சொல்கிறோம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவன் முகத்தில் அன்புதான் இருந்தது. அவன் மனைவி எனக்கு இன்னும் கொஞ்சம் பாயாசம் ஊற்றினாள். போதும் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் நான் பேசவில்லை. மேடவாக்கம் கூட்டுரோட்டில் வண்டிகள் நகராமல் நின்றன. பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் குனிந்து, பொறாமையா என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. தலைவலிக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டாள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். பச்சை விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் பெரிய சண்டையெல்லாம் நடக்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, பத்து வருஷமா இந்தக் கடைய தொறந்து வெச்சிருந்தவன் நான் என்று ஆரம்பித்து ஏதேதோ சொன்னேன். எடைகூடப் போடத் தெரியாதவள் என்றும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“எனக்கு அது ஒரு விளையாட்டு. உங்களுக்கு இவ்வளவு கஷ்டமா இருந்தா நான் வரல.”

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுக்கும் முன் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த நிம்மதியைப் பார்த்து நானே கொஞ்சம் பயந்துபோனேன்.

அடுத்த ஞாயிறிலிருந்து காலை டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் தனியாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சிஸ்டர் எங்கே என்று முதலில் நண்பன் கேட்டான். பிறகு அபுதாபிக்காரன். டூட்டி என்றேன். அடுத்த வாரமும் கேட்டார்கள். ஓடக்காரி இல்லாமல் ஆற்றைத் தாண்ட வேண்டாம், கரையிலேயே காத்திருப்போம் என்று அபுதாபிக்காரன் சொன்னான், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு முழுக் காலை நாங்கள் கரையில் கூடாரம் போட்டுக் காத்திருந்தோம். நான் அங்கேயே இருந்தேன், பேசினேன், பகடை உருட்டினேன். இல்லாத அவளுக்கு இருந்த இடம் இருக்கிற எனக்கு இல்லை. அவள் விலகினால் சரியாகிவிடும் என்று நினைத்த ஒன்று, அவள் விலகியதால் இரண்டு மடங்கானது.

அந்தச் சமயத்தில்தான் மழை பிடித்தது. விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த மழை ஒரு ராத்திரி முழுக்க விடாமல் பெய்தது. காலையில் கதவைத் திறந்தால் தெருவில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வாசல் படியில் முதல் படி தெரியவில்லை. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“இன்னா சார் பாத்துகினு நிக்கிற? ஏரி பக்கம் தண்ணி வந்துகினு கீது. வூட்ட பூட்டிட்டு மேல ஏறு.”

மேல்வீட்டில் ஹவுஸ் ஓனர் அக்கா. அவரும் பால்கனியிலிருந்து, எடுத்துக்கிட்டு வாங்க, சீக்கிரம் வாங்க என்று கூப்பிட்டார். கரன்ட் நின்றுவிட்டது. என் மனைவி ஒரு பையை எடுத்துக்கொண்டு பெட்ரூமுக்குப் போனாள். நான் ஒரு பையை எடுத்துக்கொண்டு மற்ற இடங்களைப் பார்த்தேன். ஹாலில் தண்ணீர் கோலம் போட்டதுபோல் நுழைய ஆரம்பித்திருந்தது. பிரிட்ஜுக்குக் கீழே செங்கல் வைத்தோம். மெத்தையை டைனிங் டேபிள்மேல் தூக்கிப் போட்டோம். அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் பேசிக்கொண்டதுதான் அந்த மாதத்திலேயே அதிகம். பிடி, தூக்கு, அந்தப் பக்கம், விடு. பிறகு முழங்கால் தண்ணீரில் வாசலைக் கடந்து மாடி ஏறினோம்.

அக்கா டீ போட்டுக் கொடுத்தார். அவர் வீட்டு ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்து பைகளைத் திறந்தோம். அவள் பையில் சர்டிஃபிகேட் ஃபைல், வீட்டு வாடகை ஒப்பந்தம், என் பிரஷர் மாத்திரை, இரண்டு பேருக்கும் மாற்றுத்துணி, டார்ச், சார்ஜர், ஒரு பாக்கெட் பிஸ்கட். எல்லாம் பிளாஸ்டிக் கவரில் தனித்தனியாகச் சுற்றி இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

என் பையை நான் கவிழ்த்தேன். லேப்டாப் வந்தது. கூடவே ஒரு அப்பளக் கட்டு. துவைக்கப் போட்டிருந்த ஜன்னல் திரை ஒன்று. குக்கர் வெயிட், குக்கர் இல்லை. அவள் போன வருஷம் வாங்கிப் பிடிக்கவில்லை என்று ஒதுக்கி வைத்திருந்த நெயில் பாலிஷ். சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிய பேட்டரி. அதை ஏன் கழற்றினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் அந்தப் பொருள்களைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். குக்கர் வெயிட்டைக் கையில் எடுத்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. அக்கா என்னவோ ஏதோ என்று சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என் மூட்டைய நீங்க கட்டியிருக்கீங்க. உங்க மூட்டைய நான் கட்டியிருக்கேன்.”

நானும் சிரித்தேன். பல வாரங்களுக்குப் பிறகு சேர்ந்து சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அவள், உங்களுக்குப் பயம் வந்தா கடிகாரம் ஓடக் கூடாதுன்னு நெனப்பீங்க போல என்றாள். அப்படியும் இருக்கலாம். எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. அப்போதுகூட, அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே, ச்சே, இதை நான் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒரு முள் குத்தியது.

தண்ணீர் வடிந்து வீட்டைக் கழுவி முடிக்கவே நாளாகிவிட்டது. சுவரில் சேற்றுக்கோடு அப்படியே நின்றது. அலுவலகம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருந்தது. மதிய இடைவேளையில் ஒரு மூட்டை கட்டினேன். ‘ஏரி உடைந்த தெருவிலிருந்து வந்தவன்’ என்று அதற்குப் பெயர். அப்பளக் கட்டு, ஈரத் திரைத்துணி, பானை இல்லாமல் ஒரு பானை மூடி. கதை நடக்கும் உலகத்தில் பேட்டரி கிடையாது என்பதால், நேரம் காட்டும் தண்ணீர்ப் பாத்திரமான நாழிகை வட்டிலில் இருந்து திருகி எடுத்த அடைப்பான் என்று ஒன்று வைத்தேன். எதையும் அலங்காரமாக எழுதவில்லை. எடையெல்லாம் சரியாகப் போட்டேன். யார் என்ன சொன்னாலும் எடை போடாமல் என்னால் விட முடியாது.

ஆட்டம் மீண்டும் தொடங்கிய ஞாயிறில் அவள் இன்னும் வரவில்லை, டூட்டி மாற்ற முடியவில்லை. நண்பன் அந்த மூட்டையைத் திறந்து வாசித்தான். வட்டிலின் அடைப்பான் வந்ததும் நின்றான். அவன் நிற்கிறான் என்பது எனக்கு ஹெட்போனில் கேட்டது. அந்த மௌனத்துக்காக நான் மாதக்கணக்கில் ஏங்கியிருக்கிறேன்.

பிறகு கேட்டான், “சிஸ்டர் திரும்ப கட்ட ஆரம்பிச்சிட்டாங்களா?”

நான் கட்டியது என்றேன். நிஜமாவா என்றான். அபுதாபிக்காரன் சிரித்தான். அப்புறம் இரண்டு பேரும் நன்றாகவே பாராட்டினார்கள், அன்றைய கதையே அந்த அடைப்பானைச் சுற்றித்தான் போனது. ஆனால் அந்த ‘நிஜமாவா’ மதியம் வரை என்னோடு இருந்தது. அவள் டூட்டி முடிந்து வந்ததும் சொன்னேன். இப்படிக் கேட்டான் பார் என்று குறைபோலச் சொன்னேன், பெருமையும் அதில் கலந்திருந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்ட அவள், “நல்லாதான இருக்கு, அப்புறம் என்ன?” என்றாள். பெருமூச்சோ, ஒரு சிறு முகச்சுளிப்போ, ஏதாவது வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. கை கழுவிவிட்டு, மூட்டையைத் திறந்து காட்டுங்கள் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முழுக்கப் படித்தாள். அப்பளக் கட்டு உடையாம இருக்குமா, உடைஞ்சிருக்கும்னு போடுங்க என்றாள். போட்டேன். அது நன்றாகவும் இருந்தது.

அடுத்த மாதத்திலிருந்து அவள் ஆட்டத்துக்குத் திரும்பினாள். நாங்கள் கரையிலிருந்து கூடாரத்தைப் பிரித்து ஆற்றைத் தாண்டினோம். தொகுப்பு இணையத்தில் போனது. இரண்டு பேர் பெயரும் ஒரே வரியில் வர வேண்டும் என்று அவள்தான் நண்பனிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. எனக்காகப் பேசினாளே என்ற நெகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது. கூடவே, அவள் பேசி வாங்கித் தரவேண்டிய நிலைமையில் நான் இருக்கிறேனே என்பதும் வந்தது.

எங்கேயோ பிரேசிலில் இருந்து ஒருவர் எங்கள் தொகுப்பை எடுத்து ஆடிவிட்டு இரண்டு வரி எழுதியிருந்தார். ஓடக்காரியின் மூட்டையால் தன் மகளோடு ஆடிய ஆட்டம் மறக்க முடியாததாகிவிட்டது என்று. நான் அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பரவாயில்லையே என்று சொல்லிவிட்டு, காஸ் புக் பண்ணிட்டீங்களா என்று கேட்டாள். அவளுக்கு அது போதும். அந்தப் பக்கத்தை அவள் திரும்பப் பார்ப்பதேயில்லை. நான் பார்க்கிறேன். எந்த மூட்டையைப் பற்றி எழுதுகிறார்கள் என்று தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் பார்க்கிறேன். ஏரித் தெரு மூட்டையைப் பற்றி ஒருவர் எழுதினார். அதில் எடைகள் துல்லியமாக இருப்பதாகப் பாராட்டியிருந்தார்.

போன ஞாயிறு புதிதாக ஒரு பெண் எங்களோடு சேர்ந்தார். என் நண்பனுடன் வேலை பார்க்கிறவர். எந்த மூட்டையை எடுப்பது என்று திகைத்தார். என் மனைவி கொஞ்சமும் தயங்காமல், ஏரித் தெரு எடுத்துக்கோங்க, அதுதான் இருக்கறதுலயே நல்லது, இவர் கட்டினது என்றாள். சும்மா உபசாரத்துக்குச் சொல்லவில்லை. எனக்கு அவள் குரல் தெரியும். தான் கட்டியதைவிட என்னுடையது நன்றாக இருக்கிறது என்று அவள் நிஜமாகவே நினைக்கிறாள், அது அவளை எங்கேயும் உறுத்தவில்லை. அந்தப் பெண் மூட்டையை இழுத்துத் தன் தாளின்மேல் விட்டார், எல்லாம் ஒழுங்காகப் பிரிந்து அததன் இடத்தில் விழுந்தது. நான் மைக்கை அணைத்துவிட்டு என் மனைவியைப் பார்த்தேன். அவள் வேர்க்கடலையைத் தோல் நீக்கி ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு, அடுத்து யார் முறை என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சுலபமாக ஒருத்தியால் எப்படி இருக்க முடிகிறது என்று எனக்கு மனசு ஆறவில்லை.